நாலரைக் கிலோப் பொருத்தனை

தராசில் வைப்பதற்கு முன்பே எடை சொல்லிவிடுவார் சுந்தரராஜ். குழித்துறைச் சந்தைப் பக்கம் வெகுகாலம் ரப்பர் ஷீட் கடை வைத்திருந்தவர். ஷீட் கட்டை ஒருமுறை தூக்கிப் பார்த்து எடையைச் சொல்வார். பிறகு தராசு அதை ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தராசு பழுதாகிவிட்டது என்று அர்த்தம். கடையை விட்ட பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. கல்யாண வீட்டு மேடையில் ஏறி மணப்பெண்ணின் தலைமேல் கைவைத்து ஆசீர்வதிப்பார். இறங்கி வந்ததும் மனைவி நேசம்மாளின் காதில், "ஐம்பத்தெட்டு. சேலையோட அறுபது" என்பார்.

எங்கள் சபையில் அவருக்கு இருந்த மரியாதை பக்தியால் வந்ததல்ல, காச்சிலால் வந்தது. காச்சில், மண்ணுக்குள் ஆழமாக இறங்கி விளையும் கிழங்கு. ஜனவரியில் எங்களுக்கு அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் நல்லதைக் கொண்டுவந்து படைத்து, சர்ச் முற்றத்தில் பெரிய தராசில் நிறுத்து, மைக்கில் எடையைச் சொல்லி ஏலம் விடுவார்கள். கடவுள் உள்ளத்தைத்தான் பார்க்கிறார் என்று அன்றைக்குப் போதகர் பிரசங்கம் செய்வார். பிரசங்கம் முடிந்ததும் சபை முழுவதும் தராசைப் பார்க்க ஓடும். வருடா வருடம் முதலிடம் சுந்தரராஜின் காச்சிலுக்குத்தான்.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் ஆன்ஸ்லின். கணவன் சிஜின் குவைத்தில். அவள் அம்மா மஸ்கட்டில் நர்ஸ். மற்றவர்களின் பிரசவத்துக்கு இரவு பகலாக நிற்கிறவருக்கு மகளின் பிரசவத்துக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே முதல் பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் போய், மாமியார் வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்று முடிவானது.

எட்டாம் மாத ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, குழந்தை மாதத்துக்கு மீறிய எடையில் இருக்கிறது, இப்படியே போனால் பிறக்கும்போது நாலரைக் கிலோ வரலாம் என்றார். அவர் கவலையோடுதான் சொன்னார். சுந்தரராஜ் அதைப் பரிசு அறிவிப்பாகக் கேட்டுக்கொண்டார்.

அந்த வாரமே ஜெபக்கூட்டத்தில் எழுந்து பொருத்தனை செய்தார். பேரப்பிள்ளை நாலரைக் கிலோவுக்குக் குறையாமல், கத்தி படாமல், சுகப்பிரசவமாகப் பிறந்தால், பிள்ளையின் எடைக்கு எடை காச்சில் கர்த்தருக்குக் காணிக்கை. சபை "ஆமென்" என்றது. வயிற்றுக்கு உரியவள் அன்று கூட்டத்துக்கு வரவில்லை. வாந்தி.

பக்கத்து விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, உரியவரான கணபதியப்பனுக்கு இந்தச் செய்தி வேலிக்கு மேலாகப் போய்ச் சேர்ந்தது.

"இது துலாபாரம்லா ஓய்? எங்க கோயில்ல உள்ளதுதானே?" என்று கேட்டார்.

"துலாபாரம்ணா பிள்ளையைத் தட்டில தூக்கி வைக்கணும்" என்றார் சுந்தரராஜ். "நாங்க ஆஸ்பத்திரியில நிறுத்த எடையை எடுத்துக்கிடுவோம்."

நூற்றாண்டுகளாக மிஷனரிமார் விளக்க முயன்ற வித்தியாசம் வேலியோரத்தில் ஒரே வரியில் முடிந்தது.

இதற்கிடையில் ரத்தப் பரிசோதனையில் ஆன்ஸ்லினுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. கர்ப்பத்தில் வருகிற சர்க்கரை, பிரசவத்தோடு பெரும்பாலும் போய்விடும், பிள்ளை பெருத்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. சாப்பாட்டுக்கு ஒரு கணக்கும், ஊசியும் சொன்னார். இதில் சுந்தரராஜுக்கு மனத்தாங்கல். பிள்ளை தன் குடும்ப ரத்தத்தால் வளர்கிறது என்று நினைத்திருந்தவரிடம், பெயரைச் சர்க்கரைக்குக் கொடு என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

நேசம்மாளுக்கு இது வேறு விதமாகப் பட்டது. வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பட்டினி போடச் சொல்கிற டாக்டரை அவர் அதுவரை பார்த்ததில்லை. சீனி கூடாது என்றுதானே சொன்னார்கள் என்று முந்திரிக்கொத்து செய்யத் தொடங்கினார். உள்ளே பாசிப்பயறு, கருப்பட்டி, தேங்காய், வெளியே அரிசிமாவு, அப்புறம் எண்ணெய். கருப்பட்டி சீனியில் சேராது, அது பனையில் வருவது, பனையைப் படைத்தவர் கர்த்தர் என்பது அவர் வாதம். கரும்பைப் படைத்தது யார் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஆன்ஸ்லின் மறுத்துப் பேசவில்லை. வாங்கி வைத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸ் கேரல் பயிற்சிக்குப் போகும் வழியில் அந்த வீட்டு அடுக்களை ஜன்னல் இருந்தது. வாலிபர் சங்கத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர். நல்ல செய்தியை அறிவிக்கப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று ஜன்னல் வழியாக ஒரு தூக்குவாளி வரும். அந்த டிசம்பரில் எங்கள் எல்லோருக்கும் சட்டைப் பொத்தான் இறுகியது. சுந்தரராஜ் எங்களில் ஒருவனான எபிசனை நிறுத்திவைத்து ஏற இறங்கப் பார்த்து, "போன மாசம் அறுபத்தொன்பது, இப்ப எழுபத்திரண்டு" என்றார். சரியாகத்தான் சொன்னார். காரணம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

ஒன்பதாம் மாதம் டாக்டரம்மா ஆன்ஸ்லின், மாமனார், மாமியார் மூவரையும் உட்காரவைத்துப் பேசினார். ஸ்கேனில் தெரிகிற எடை ஒரு மதிப்புதான், கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனால் சர்க்கரையும் இருந்து இந்த எடையும் இருந்தால், தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்கிற ஆபத்து அதிகம். "தோள்" என்று சொன்ன இடத்தில் அவர் நிறுத்தினார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகுதான் மீதியைச் சொன்னார்: அப்படி மாட்டினால் கையில் இருப்பது சில நிமிடங்கள், அதற்குள் எடுக்க வேண்டும், எடுக்கும்போது பிள்ளையின் கை நரம்பு போகலாம், மூச்சே போகலாம், தாய்க்கும் ரத்தப்போக்கு. முன்கூட்டியே ஆபரேஷன் செய்வது நல்லது என்பது என் யோசனை, அதிலும் சில தொந்தரவுகள் உண்டு, தீர்மானம் ஆன்ஸ்லினுடையது என்றார். வியாழக்கிழமை நாள் குறித்தார்கள்.

சுந்தரராஜுக்கு முதல் வாக்கியம் மட்டும் நன்றாகக் கேட்டிருந்தது.

"கூடவும் இருக்கலாம்ணு சொன்னியளே," என்றார் எழுந்திருக்கும்போது, "அஞ்சு வருமா?"

ஆன்ஸ்லின் அந்தத் தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பெறப்போகிறவளுக்கு முன்னால் ஒரு டாக்டர் வார்த்தையை முடிக்காமல் தண்ணீர் குடித்தால், அந்த இடைவெளியில் என்னவெல்லாம் நடக்கும் என்று அவளால் யோசிக்க முடிந்தது. வீடு வந்து சேரும்வரை யோசித்தாள்.

வீட்டில் ஆலோசனைக் கூட்டம். சிஜின் வீடியோ காலில் வந்தான். போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்திருந்தார்கள். நேசம்மாள் தன் பிரசவத்தை எடுத்துக்காட்டினார். சிஜின் பிறக்கும்போது மூன்றே முக்கால் கிலோ, டாக்டரும் இல்லை, கத்தியும் இல்லை, மறுநாளே எழுந்து மரச்சீனிக் கிழங்கு அவித்தார். பேச்சு பாதி போனதும் சிஜின் நான்கு கிலோ ஆனான். காப்பி வந்தபோது நாலேகால். கொஞ்சம் விட்டிருந்தால் பிறந்த அன்றே அவனைக் குவைத்துக்கு அனுப்பியிருப்பார்கள்.

சிஜின் அப்பாவிடம், "நீங்க சொல்லுததும் சரிதான்பா" என்றான். மனைவியிடம், "டாக்டர் சொல்லுததும் சரிதான்" என்றான். அப்போது நெட்வொர்க் போனது. குவைத் நெட்வொர்க்கைக் குறை சொல்ல முடியாது. சரியான நேரத்தில்தான் எப்போதும் போகும்.

கடைசியில் சுந்தரராஜ் தீர்ப்புச் சொன்னார். வியாழக்கிழமை போக வேண்டாம். வலி தானாக வரட்டும். சபைக்கு முன்னால் வைத்த பொருத்தனையை ஒரு ஸ்கேன் மெஷினுக்காக மாற்ற முடியாது. போதகரையும் வீட்டுக்கு அழைத்து ஜெபிக்கச் சொன்னார். போதகர் அனுபவசாலி. வைத்தியர்களின் கைகளை ஆசீர்வதிக்கும்படி ஜெபித்தார். அந்தக் கைகளுக்கு வேலை இல்லாதபடி காக்கவும் ஜெபித்தார். இரண்டில் எது நடந்தாலும் அது அவருடைய ஜெபம்தான்.

மஸ்கட்டிலிருந்து அம்மா கூப்பிட்டபோது ஆன்ஸ்லின் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா, தான் பார்த்த, தோள் மாட்டிய ஒரு பிரசவத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, நீ ஆஸ்பத்திரிக்குப் போயிரு மக்களே என்று மட்டும் சொன்னார். ஆன்ஸ்லின் பையை எடுத்துத் துணி அடுக்கினாள். டாக்ஸி ஓட்டுகிற ஸ்டெனிக்கும் போன் செய்தாள்.

புதன்கிழமை காலையில் காச்சில் தோண்டும் வைபவம். பண்டிகை ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாங்கள் மண்வெட்டியோடு போயிருந்தோம். ஆன்ஸ்லின் பிளாஸ்டிக் நாற்காலியை விளையில் போட்டு உட்கார்ந்திருந்தாள். நாற்காலியின் கைகளுக்கு நடுவில் அவள் வயிறு அடங்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கணபதியப்பன் வாழைக்குத் தண்ணீர் விடுவதுபோல நின்றார். தண்ணீர் ஒரே வாழைக்குப் போய்க்கொண்டிருந்தது.

எபிசன் உற்சாகத்தில் காச்சிலின் கழுத்தைப் பிடித்து ஆட்டினான்.

"ஏலே, கையை எடு" என்றார் சுந்தரராஜ். "இழுத்தா என்ன வரும்?"

"காச்சில் வரும்."

"தலை வரும். மிச்சம் உள்ள கெடந்து உன்னைப் பாத்துச் சிரிக்கும்."

ஆன்ஸ்லின் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். "தலை வந்தாச்சுண்ணா மிச்சமும் வந்திராதா மாமா?"

தன் தொழிலைப் பற்றி மருமகள் கேட்டது இதுதான் முதல் தடவை. சுந்தரராஜுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் காட்டினார்.

"வராது மக்களே. இதுக்குத் தலை சின்னது. கீழ போனா தோளுபோல விரிஞ்சிருக்கும். மாட்டுதது அங்கதான்."

"சின்னக் காச்சிலுண்ணா?"

"சின்னதை எபிசன்கூட இழுத்து எடுத்திருவான். பெரிசைச் சுத்தி வெட்டித்தான் எடுக்கணும். வேற வழி கெடயாது."

"உள்ள கெடக்கும்ப எவ்வளவு பெரிசுண்ணு எப்படித் தெரியும்?"

"ஆருக்கும் தெரியாது. ஒரு மதிப்புதான். பெரிசுண்ணு நெனச்சு வெட்டணும். எடுத்துப் பாத்தா சின்னதா இருக்கா, நமக்கு மண்ணு வெட்டின பாடு, அவ்வளவுதான். சின்னதுண்ணு நெனச்சு இழுத்தாத்தான் கெட்டோம்."

கணபதியப்பன் குழாயை அடுத்த வாழைக்கு நகர்த்த மறந்துவிட்டார்.

"மொதல்ல இழுத்துப் பாப்போம்" என்றாள் ஆன்ஸ்லின். "வரலேண்ணா அப்புறம் வெட்டினா என்ன?"

"பாதி இழுத்த பெறகு வெட்டி என்னத்துக்கு? அதுக்குள்ள கழுத்து..."

அங்கே நின்றார். டாக்டரம்மாவுக்குக் குடிக்கத் தண்ணீராவது இருந்தது. சுந்தரராஜ் காய்ந்த வாயோடு காச்சிலைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், மறுபடி காச்சிலைப் பார்த்தார். நாங்கள் மண்வெட்டிகளைப் பார்த்துக்கொண்டோம்.

"நாளைக்கு ஸ்டெனியை எத்தனை மணிக்கு வரச் சொல்லட்டும் மாமா?" என்று கேட்டாள் ஆன்ஸ்லின்.

"அது கெழங்கு. இது பிள்ளை."

"செரி மாமா. கெழங்குக்கு உள்ள கவனம் போதும் எனக்கு."

வேலிக்கு அந்தப் பக்கம் கணபதியப்பனுக்கு இருமல் வந்தது. நெடுநேரம் இருமினார். அடுக்களை வாசலில் நின்ற நேசம்மாள் கேட்டார்: "அப்ப சபையில வச்சு பொருத்தனை செஞ்சதுக்கு என்ன செய்ய?"

"பொருத்தனை மாமா செஞ்சது மாமி. வயிறு என்னுது." அவள் குரல் உயரவில்லை. "நான் போகட்டாண்ணு கேக்கல. பையை எடுத்து வச்சாச்சு. மணி மட்டும்தான் கேக்கேன்."

எபிசன் காச்சிலின் கழுத்தை மெதுவாகத் தொட்டு, ஒன்றும் அறியாத பிள்ளைபோல, "மாமா, அப்ப நான் இழுக்கட்டா?" என்று கேட்டான்.

சுந்தரராஜின் முகத்தில் ஒரு பெரிய போராட்டம் நடந்தது. ஒரு பக்கம் பொருத்தனை. மறு பக்கம், வருடக்கணக்கில் வென்ற காச்சில். இழு என்று சொல்ல அவர் வாய் எழவில்லை. வெட்டு என்று சொன்னால் மருமகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"எட்டு மணி" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். பிறகு எபிசனிடம், "கையை எடுலே. வெட்டு. தள்ளி வெட்டு."

வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஸ்டெனியின் கார் புறப்பட்டது. சுந்தரராஜும் நேசம்மாளும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். பெண் குழந்தை. வெளியே எடுத்ததும் அழுதது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற நேசம்மாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, அதுவரை சொல்லிக்கொண்டிருந்த தன் பிரசவக் கதையைப் பாதியில் விட்டார். பிள்ளைக்கு ரத்தத்தில் சர்க்கரை குறைவாக இருந்ததால் பால் கொடுத்துக் கொடுத்துக் குதிகாலில் குத்திப் பார்த்தார்கள், சாயந்தரத்துக்குள் சரியானது. டாக்டரம்மா வெளியே வந்து, தோள் நல்ல அகலம், வெட்டி எடுத்தது நல்லதாகப் போயிற்று என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்.

எடை நாலு கிலோ இருநூறு.

சுந்தரராஜ் நர்ஸிடம் கேட்டார்: "துணியோடயா, துணி இல்லாமலா?"

துணி இல்லாமல் என்றார் நர்ஸ்.

"துணியோட ஒருக்கா நிறுத்தா?"

நர்ஸ் எண்ணைப் பதிவேட்டில் எழுதி மூடினார். பொருத்தனை இரண்டு காலும் இழந்து நின்றது. நாலரை வரவில்லை, கத்தியும் பட்டாயிற்று. கர்த்தருக்கு ஒரு துண்டுக் காச்சில்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. அதில் அவருக்குச் சந்தோஷம் வந்ததாகத் தெரியவில்லை. பிள்ளையைக் கையில் கொடுத்தபோது பழக்கத்தில் அவர் கை லேசாக மேலும் கீழும் அசைந்தது, ஷீட் கட்டைத் தூக்கிப் பார்ப்பதுபோல. ஆனால் வாயிலிருந்து எண் எதுவும் வரவில்லை. நேசம்மாள் வாங்க வந்தபோது கொடுக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காச்சில் முதலிடம் பெற்றது. ஒரு கீறல் இல்லாமல், தலை முதல் அடிவரை முழுசாக வந்திருந்தது. மைக் கைக்கு வந்ததும் சுந்தரராஜ் காச்சிலின் எடையைச் சொன்னார், பேத்தியின் எடையையும் சொன்னார். பெரிசை இழுக்கக் கூடாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தான்தான் எடுத்துச் சொன்னதாகவும் சொன்னார். டாக்டரம்மா அதைக் கேட்டு நடந்துகொண்டாராம்.

போதகர், தாயும் ஒரு சாட்சி சொல்லட்டுமே என்றார். ஆஸ்பத்திரியில் இருந்த ஆன்ஸ்லினுக்கு எபிசன் போன் போட்டு, மைக் அருகே பிடித்தான்.

"ஸ்தோத்திரம்" என்றாள் ஆன்ஸ்லின். "பிள்ளையும் நானும் சுகம். பிள்ளை பெருத்தது எனக்கு சுகர் இருந்ததுனால. அதை நேரத்தோட கண்டுபிடிச்சது டாக்டரம்மா. வயித்துப் பிள்ளைக்காரிகள் எல்லாரும் சுகர் பாத்துக்கிடுங்க. அவங்களுக்கு ஆரும் முந்திரிக்கொத்து குடுத்துவிடாண்டாம். குடுக்கணும்ணு தோணிச்சுண்ணா, நேரா வாலிபர் சங்கத்துக்கே குடுத்திருங்க. எப்படியும் அங்கதான் போவுது. ஸ்தோத்திரம்."

சாட்சி ஸ்தோத்திரத்தில் முடிந்ததால் சபை பழக்கப்படி "ஆமென்" என்றது. நேசம்மாள் மட்டும் சொல்லவில்லை. மெல்லத் திரும்பி, பின்வரிசையில் இருந்த எங்களைப் பார்த்தார். நாங்கள் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டோம். அன்றைக்குப் பாட்டு எல்லாம் முடிந்திருந்தது.

ஏலத்தில் அந்தக் காச்சிலை எடுத்தவர் கணபதியப்பன். தூக்கிக்கொண்டு போகும்போது, "துலாபாரம் உண்டுமா ஓய்?" என்று கேட்டார். சுந்தரராஜுக்குக் காது கேட்கவில்லை.

கூட்டம் கலையும்போது ஜெஸ்பின் எதிரே வந்தாள். எங்கள் தெருப் பெண், அவளுக்கு ஏழாம் மாதம். வழக்கமாக எல்லோரும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள், சிரித்துக்கொண்டு.

"எனக்குப் பிள்ளை எவ்வளவு வரும் மாமா?"

சுந்தரராஜ் அவளைப் பார்த்தார். கண் தன் வேலையைச் செய்துமுடித்தது நன்றாகவே தெரிந்தது. உதடு திறந்தது. பிறகு மூடியது.

"அதை டாக்டர்ட்ட கேளு மக்களே" என்றார். "சுகர் பாத்தியா?"

இன்னும் பார்க்கவில்லை என்றாள். நாளைக்கே போய்ப் பார் என்று சொல்லிவிட்டு நடந்தார். முற்றத்தைத் தாண்டினார், தராசைத் தாண்டினார், வாசலையும் தாண்டினார். சாலைக்கு வந்ததும் நேசம்மாளின் காதருகே குனிந்தார்.

"மூணே முக்கால்" என்றார். "துணியோட நாலு."